பட்டியல் அடிக்கிற கைக்கு ஏற்ற ஷார்ட்கட்: நோட்பேட் பிளஸ் பிளஸில் விசைகளை மாற்றுவது எப்படி?

ஜூன் 14 நள்ளிரவோடு மீன்பிடித் தடைக்காலம் முடியும். அதற்கு முந்தின வாரம் ராமேஸ்வரம் பக்கத்துத் தங்கச்சிமடத்தில் இருக்கும் என் தட்டச்சுக் கடையில் நிற்கக்கூட இடம் இருக்காது. படகு எண், படகுக்காரர் பெயர், கூடப் போகிறவர்கள் பெயர் என்று பட்டியலுக்கு மேல் பட்டியல் வரும். ஒருவர் நோட்டுத் தாளில் எழுதிக் கொண்டுவருவார். இன்னொருவர் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருப்பார். மூன்றாமவர் பக்கத்தில் நின்று வாயால் சொல்லுவார். எல்லாவற்றையும் ஒரே கோப்பில் சேர்த்து, வரிசைப்படுத்தி, இரண்டு முறை வந்ததை எடுத்துவிட்டு, தேதி போட்டு அச்செடுத்துக் கொடுக்க வேண்டும்.

தட்டச்சுக்கு ஆகிற நேரம் ஆகித்தான் தீரும். மெனுவுக்குள் போய்ப் போய் வருகிற நேரத்தைத்தான் மிச்சம் பிடிக்கலாம். எடிட் மெனு, அதற்குள் லைன் ஆப்பரேஷன்ஸ், அதற்குள் நீளமான ஒரு பட்டியல், அதில் கண்ணால் தேடி ஒரு வரி. இதை ஒரு நாளில் ஐம்பது தடவை செய்து பாருங்கள், மணிக்கட்டு வலிக்கும். அதற்குப் பதிலாக ஒரே விசை, அதாவது ஷார்ட்கட்.

கடைக்கு வேலை பழக வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதுகிறேன். கணினியில் எழுதவும் சேமிக்கவும் தெரிந்தால் போதும்.

மாற்றுவதற்கு முன்னால் ஒரு வாரம்

போன மாதம் சேர்ந்த தம்பி முதல் நாளே கேட்டான்: "அண்ணே, எதை முதல்ல மாத்தணும்?" ஒரு வெள்ளைத் தாளைக் கொடுத்து, "ஒரு வாரம் எதையும் மாத்தாதே. மவுஸை எடுத்து மெனுவுக்குப் போற ஒவ்வொரு தடவையும் எதுக்குப் போனேன்னு இதுல ஒரு கோடு போடு" என்றேன்.

வாரக் கடைசியில் அந்தத் தாளில் இருந்தவை மொத்தமே ஐந்து வேலைகள். வரிகளை வரிசைப்படுத்துவது, ஒரே வரி இரண்டு முறை வந்தால் நீக்குவது, வரிக் கடைசியில் ஒட்டியிருக்கும் வெற்றிடத்தை எடுப்பது, தேதி போடுவது, படகு எண்ணின் முன்பகுதியைத் திரும்பத் திரும்ப அடிப்பது. அந்த ஐந்துக்கு மட்டும் விசை வைத்தால் போதும். ஆசைப்பட்டு ஒரே நாளில் இருபது விசைகளை மாற்றியவர்களைப் பார்த்திருக்கிறேன். மறுநாள் அவர்களுக்கு எதுவும் நினைவில் இருக்காது, பழைய விசையும் வேலை செய்யாது, திரும்ப மவுஸுக்கே போய்விடுவார்கள். உங்கள் கை கேட்பதை மட்டும் மாற்றுங்கள். அதையும் இரண்டு நாளைக்கு ஒன்று என்று மாற்றுங்கள்.

காப்பி, பேஸ்ட், கட், சேவ், அன்டூ இந்த ஐந்தையும் தொடவே வேண்டாம். எந்த ஊர்க் கணினியில் உட்கார்ந்தாலும் கை அதைத்தான் தேடும்.

எந்த மென்பொருள்?

நான் பயன்படுத்துவது வின்டோஸில் ஓடும் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற எழுது மென்பொருள். 2003இலிருந்து இலவசமாகக் கிடைக்கிறது, பழைய கணினியிலும் இலேசாக ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள். தேடும்போது மேலே வருகிற விளம்பர இணைப்பைத் தொட வேண்டாம். ஏற்கனவே இருந்தால், எடிட் மெனுவில் இன்ஸர்ட் என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் அது மிகப் பழைய பதிப்பு, புதியதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

கடலோரத்தில் இருப்பவர்களுக்கு இன்னொன்று. கச்சான் காற்று அடிக்கிற மாதங்களில் உப்பும் பொடிமணலும் கடைக்குள் வந்து விசைப்பலகையில்தான் உட்காரும். எங்கள் கடையில் ஒரு விசைப்பலகையின் இடப்பக்கக் கன்ட்ரோல் அழுத்தினால் பாதி நேரம் பதியாது. இது தெரியாமல், ஷார்ட்கட் சரியாக வைக்கவில்லை என்று அரை நாள் நோண்டிக்கொண்டிருந்தோம். அதனால் முதலில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட், மேல் வரிசை எஃப் விசைகள் எல்லாம் ஒழுங்காகப் பதிகின்றனவா என்று பாருங்கள். மடிக்கணினி என்றால் எஃப் 5ஐ அழுத்தும்போது ஒலியோ வெளிச்சமோ மாறலாம். அப்போது எஃப்என் விசையையும் சேர்த்து அழுத்த வேண்டும்.

முதல் மாற்றம்: தேதிக்கு எஃப் 5

வின்டோஸோடு வரும் சாதாரண நோட்பேடில் எஃப் 5 அழுத்தினால் அந்த நேரத்தின் தேதியும் மணியும் விழும். பலருக்குக் கை அதில் பழகியிருக்கும். நோட்பேட் பிளஸ் பிளஸில் அதே எஃப் 5, ரன் என்ற வேறொரு பெட்டியைத் திறக்கும். இதையே முதல் பாடமாக எடுத்துக்கொள்வோம். விசை மாற்றுவதில் வருகிற சிக்கல் எல்லாம் இந்த ஒன்றிலேயே இருக்கிறது.

செட்டிங்ஸ் மெனுவைத் திறந்து ஷார்ட்கட் மேப்பரைச் சொடுக்குங்கள். மேலே ஐந்து பிரிவுகள் தெரியும். மெயின் மெனு என்பதில் மெனுவில் இருக்கும் எல்லாக் கட்டளைகளும் இருக்கும். மேக்ரோஸில் நாம் பதிவு செய்து வைத்த விசைத் தொடர்கள். கடைசியில் இருக்கும் சின்டில்லா கமாண்ட்ஸில் எழுத்துகளையும் வரிகளையும் நேரடியாகக் கையாளும் கட்டளைகள் இருக்கும், அதற்குப் பிறகு வருவோம். மற்ற இரண்டும் இப்போது வேண்டாம்.

கீழே ஃபில்டர் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் டேட் என்று ஆங்கிலத்தில் அடித்தால் நீண்ட பட்டியல் சுருங்கி, தேதி சம்பந்தப்பட்ட வரிகள் மட்டும் நிற்கும். டேட் டைம் ஷார்ட் என்ற வரியைத் தேர்ந்து மாடிஃபை அழுத்துங்கள். சின்னப் பெட்டி ஒன்று வரும். கன்ட்ரோல், ஆல்ட், ஷிஃப்ட் மூன்றுக்கும் டிக் போடும் கட்டங்கள், பக்கத்தில் விசையைத் தேர்ந்தெடுக்கும் பட்டியல். மூன்றையும் காலியாக விட்டு எஃப் 5ஐத் தேர்ந்தெடுங்கள்.

அப்போது அந்தப் பெட்டியிலேயே மோதல் இருப்பதாக எச்சரிக்கை வரும். எஃப் 5 ஏற்கனவே ரன் கட்டளைக்குச் சொந்தம் என்று காட்டும். இந்த எச்சரிக்கையைப் பார்த்த பிறகும் ஓகே அழுத்திவிட்டுப் போகிறவர்கள் நிறையப் பேர். போனால் ஒரே விசைக்கு இரண்டு வேலை ஆகிவிடும், அவற்றில் எது நடக்கும் என்பது நம் கையில் இருக்காது. எனவே கேன்சல் கொடுத்து வெளியே வாருங்கள். ஃபில்டரில் ரன் என்று அடித்து, எஃப் 5 வைத்திருக்கும் அந்த வரியைத் தேர்ந்து க்ளியர் அழுத்துங்கள். எஃப் 5 விடுபட்டது. மறுபடி டேட் டைம் ஷார்ட்டுக்கு வந்து மாடிஃபை. இந்தத் தடவை எச்சரிக்கை வராது.

மேப்பரை மூடிவிட்டு ஒரு காலிக் கோப்பில் எஃப் 5ஐ அழுத்திப் பாருங்கள். பிறகு நோட்பேட் பிளஸ் பிளஸை முழுதாக மூடித் திறந்து மறுபடி அழுத்திப் பாருங்கள். இந்த இரண்டாவது சோதனையை விடக்கூடாது. மாற்றம் வட்டில் பதிவாகியிருக்கிறது என்று அப்போதுதான் உறுதியாகும். எங்கள் பக்கம் எப்போது கரண்ட் போகும் என்று சொல்ல முடியாது.

ஒரு குடும்பத்துக்கு ஒரு விசை

வரிகளை வரிசைப்படுத்துவது, இரட்டை வரியை நீக்குவது, வரிக் கடைசி வெற்றிடத்தை எடுப்பது மூன்றும் ஒன்றுக்கொன்று சம்பந்தமுள்ள வேலைகள். ஆளுக்கொரு மூலையில் விசை வைத்தால் மறந்துபோகும். நான் மூன்றையும் எஃப் 9இல் வைத்திருக்கிறேன். வெறும் எஃப் 9 வரிசைப்படுத்தும். ஷிஃப்ட் சேர்த்தால் இரட்டை வரியை நீக்கும். கன்ட்ரோல் சேர்த்தால் வெற்றிடத்தை எடுக்கும். பட்டியலைச் சுத்தம் செய்ய வேண்டும் என்றால் கை எஃப் 9க்குத்தான் போகும். மேப்பரில் இவற்றைத் தேட, ஃபில்டரில் சார்ட், டூப்ளிகேட், ட்ரிம் என்று தனித்தனியாக ஆங்கிலத்தில் அடியுங்கள்.

எந்த சார்ட் என்பதில் கவனம் வேண்டும். லெக்ஸிகோகிராஃபிக்கலி என்று ஒன்று இருக்கும். அது அகராதி முறை. எழுத்து எழுத்தாக ஒப்பிடுவதால் 1012 முன்னால் வந்து 98 பின்னால் போய்விடும். பெயர்ப் பட்டியலுக்கு அது சரி. எண் பட்டியலுக்கு ஆஸ் இன்டிஜர்ஸ் அசென்டிங் என்று முடிவதை எடுக்க வேண்டும். எனக்கு எண் வேலைதான் அதிகம், அதனால் எஃப் 9இல் இரண்டாவதை வைத்தேன். இன்னொன்று, எதையும் தேர்வு செய்யாமல் எஃப் 9 அழுத்தினால் கோப்பு முழுவதும் வரிசை மாறும், தலைப்பு வரி உட்பட. எண்கள் இருக்கும் வரிகளை மட்டும் தேர்ந்தெடுத்துவிட்டு அழுத்துங்கள்.

செய்கிற வரிசையும் முக்கியம். வாட்ஸ்அப்பில் இருந்து ஒட்டிய எண்களில் சிலவற்றின் பின்னால் கண்ணுக்குத் தெரியாத வெற்றிடம் இருக்கும். நமக்கு 436 இரண்டும் ஒன்றுதான். கணினிக்கு வெற்றிடத்தோடு இருக்கும் 436 வேறு. அதனால் முதலில் கன்ட்ரோல் எஃப் 9, அப்புறம் ஷிஃப்ட் எஃப் 9, கடைசியில் எஃப் 9. இந்த மூன்றையும் இதே வரிசையில் அடிக்கக் கை ஒரு நாளில் பழகிவிடும்.

தமிழ் தட்டச்சோடு வரும் மோதல்

ஷார்ட்கட் மேப்பர் தனக்குள் இருக்கும் மோதலைத்தான் காட்டும். நாம் தமிழுக்காகப் போட்டிருக்கும் மென்பொருள் எந்த விசையைப் பிடித்து வைத்திருக்கிறது என்று அதற்குத் தெரியாது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் வழிகாட்டிகளில் இந்தப் பகுதி இருக்காது, நமக்கோ தினமும் இடிக்கிற இடம் இதுதான்.

இ-கலப்பையில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மாற, நாம் மாற்றாதவரை எஃப் 2. நோட்பேட் பிளஸ் பிளஸிலோ எஃப் 2 அடுத்த புக்மார்க்குக்கு, அதாவது நாம் குறித்து வைத்த வரிக்கு, தாவும் விசை. இ-கலப்பை ஓடுகிற வரை எஃப் 2 அதனிடம்தான் போகும். புக்மார்க் பயன்படுத்துகிறவர் என்றால் அந்தக் கட்டளைக்கு வேறு விசை கொடுங்கள், இல்லையென்றால் இ-கலப்பையின் செட்டிங்ஸில் மாற்றுவிசையை மாற்றுங்கள். என்எச்எம் ரைட்டர் வைத்திருப்பவர்கள் ஆல்ட்டோடு எண் சேர்த்துத் தட்டச்சு முறையை மாற்றுவார்கள். ஆல்ட் 1, ஆல்ட் 2 எல்லாம் நோட்பேட் பிளஸ் பிளஸில் வரிகளை மடித்து மறைக்கும் விசைகள். பட்டியல் அடிக்கிறவர்களுக்கு வரி மடிப்பு தேவைப்படாது என்பதால், விட்டுக்கொடுப்பதில் நஷ்டம் இல்லை.

வின்டோஸிலேயே இரண்டு மொழி சேர்த்திருந்தால், ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் சேர்ந்து மொழியை மாற்றும் விசையாக இருக்கக்கூடும். ஆல்ட் ஷிஃப்ட்டோடு மூன்றாவது விசை சேர்த்து ஷார்ட்கட் வைத்தால், விரல் கொஞ்சம் தவறினாலும் மொழி மாறிவிடும், பெயர் பாதி தமிழிலும் மீதி ஆங்கில எழுத்துகளாகவும் விழும். அதனால் அந்தச் சேர்க்கையில் நான் புதிதாக எதையும் வைப்பதில்லை. எஃப் விசைகளைப் பெரும்பாலும் தேர்ந்ததற்கும் இதுவே காரணம். தட்டச்சு முறை தமிழ் 99 ஆனாலும் அஞ்சல் ஆனாலும் எழுத்துகள் எஃப் வரிசையில் இல்லை, அங்கே சண்டை குறைவு.

எந்த விசை வைத்தாலும் தமிழ் தட்டச்சு ஓடும்போது ஒரு தடவையும், நிறுத்திவிட்டு ஒரு தடவையும் அழுத்திப் பாருங்கள். இரண்டிலும் ஒரே மாதிரி வேலை செய்தால்தான் அந்த விசை உங்களுடையது.

படகு எண்ணுக்கு ஒரு மேக்ரோ

எங்கள் பக்கத்து விசைப்படகுகள் பலவற்றின் எண் ஐஎன்டி, டிஎன், 10, எம்எம் என்று தொடங்கும், ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்னக் கோடு. கடைசியில்தான் அந்தப் படகுக்கே உரிய எண் வரும். முன்பகுதி மட்டும் 13 எழுத்து. 80 படகு என்றால் 1,040 தட்டு. சொல்லுகிறவர் "436, 512, 98" என்று கடைசி எண்ணை மட்டும்தான் சொல்லுவார். அப்படியே எண்ணை மட்டும் அடியுங்கள், வரிக்கு ஒன்றாக. முன்பகுதியைக் கணினி போடட்டும்.

முதலில் கோப்பைச் சேமியுங்கள். எடிட் மெனுவின் லைன் ஆப்பரேஷன்ஸில் காலி வரிகளை நீக்கும் ரிமூவ் எம்ப்டி லைன்ஸ் கட்டளையைக் கொடுங்கள், இல்லையென்றால் காலி வரிகளிலும் முன்பகுதி வந்து உட்காரும். எஃப் 9 குடும்பத்தை ஓட்டி எண்களை வரிசைப்படுத்துங்கள். முன்பகுதி சேர்ந்த பிறகு வரி ஆங்கில எழுத்தில் தொடங்கும், எண் வரிசை சரியாக வராமல் போகலாம். வரிசை முதலில், முன்பகுதி பிறகு. இதை மாற்றிச் செய்துவிட்டு ஒரு சாயங்காலம் முழுவதும் கையால் திருத்தியிருக்கிறேன்.

இப்போது முதல் வரியில் கர்சரை வையுங்கள். மேக்ரோ மெனுவில் ஸ்டார்ட் ரெக்கார்டிங் கொடுங்கள். இனி நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் பதிவாகும், மவுஸைத் தொடாமல் நிதானமாக அழுத்துங்கள். ஹோம் விசையை அழுத்தி வரியின் தொடக்கத்துக்குப் போங்கள். முன்பகுதி 13 எழுத்தையும் அடியுங்கள். கீழ் அம்புக்குறியை ஒரு தடவை அழுத்துங்கள். அவ்வளவுதான். மேக்ரோ மெனுவுக்குப் போய் ஸ்டாப் ரெக்கார்டிங். அதே மெனுவில் சேவ் கரன்ட் ரெக்கார்டட் மேக்ரோ என்பதைக் கொடுத்தால் பெயரும் விசையும் கேட்கும். பெயருக்குப் படகு என்று ஆங்கிலத்தில் கொடுத்து, விசைக்கு எஃப் 6ஐத் தேர்ந்தெடுங்கள். மோதல் எச்சரிக்கை வருகிறதா என்று இங்கேயும் ஒரு கண் வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் வரி முடிந்தது, கர்சர் இரண்டாவது வரியில் நிற்கும். எஃப் 6ஐ அழுத்தினால் அந்த வரிக்கு முன்பகுதி வந்து, கர்சர் மூன்றாவதுக்கு இறங்கும். பத்துப் பதினைந்து வரி என்றால் இப்படியே அழுத்திக்கொண்டு போகலாம். நீளமான பட்டியல் என்றால் மேக்ரோ மெனுவில் ரன் எ மேக்ரோ மல்டிபிள் டைம்ஸ் இருக்கிறது. அதில் உங்கள் மேக்ரோவைத் தேர்ந்து, கோப்பின் கடைசி வரை ஓடும்படி ரன் அன்டில் தி எண்ட் ஆஃப் ஃபைல் கொடுங்கள். கண் இமைப்பதற்குள் எண்பது வரியும் முழுப் படகு எண்ணாக மாறி நிற்கும். முதன்முதலாக இதைப் பார்த்த அன்றைக்குக் கடையில் இருந்த மூன்று படகுக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

ஓடி முடித்ததும் கடைசி இரண்டு வரிகளைக் கண்ணால் பாருங்கள். கடைசி வரியில் முன்பகுதி விட்டுப்போவதும் இரண்டு முறை வருவதும் உண்டு. நாட்டுப்படகு, வேறு மாவட்டப் படகு கலந்திருந்தால் அவற்றைத் தனிக் கோப்பில் வைத்துச் செய்யுங்கள். மேக்ரோவில் ஆங்கில எழுத்தும் எண்ணும் மட்டுமே பதிவு செய்வது என் வழக்கம். தமிழ்ச் சொற்களைப் பதிவு செய்யும்போது நடுவில் தட்டச்சு மென்பொருளும் இருப்பதால் சிக்கல் வர வாய்ப்பு அதிகம்.

எடுக்க வேண்டிய விசையும் உண்டு

விசை சேர்ப்பதைவிட, ஆபத்தான விசையை எடுப்பது எனக்குப் பெரிதாகத் தோன்றுகிறது.

என்னோடு தட்டச்சு செய்கிற அக்கா பல வருடம் வேர்டில் பழகியவர். வேர்டில் கன்ட்ரோல் எல் அழுத்தினால் பத்தி இடப்பக்கம் ஒதுங்கும். நோட்பேட் பிளஸ் பிளஸில் அதே கன்ட்ரோல் எல், கர்சர் நிற்கும் வரியை அப்படியே வெட்டி எடுத்துவிடும். கேள்வி கேட்காது, எச்சரிக்கை வராது. கீழ் வரி மேலே ஏறி அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும், திரையில் எதுவும் நடக்காத மாதிரியே இருக்கும். ஒரு நாள் இப்படி 83 படகில் ஒன்று காணாமல் போனது. அச்செடுத்துக் கொடுத்தும் விட்டோம். அடுத்த நாள் விடியற்காலையில் அந்தப் படகுக்காரர் கடை வாசலில் நின்றார். "என் படகு மட்டும் ஏன்யா இல்லை?" என்று அவர் கேட்ட குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஒரு நாள் கடலுக்குப் போகாவிட்டால் அவருக்கும் கூடப் போகிறவர்களுக்கும் அன்றைய வருமானம் இல்லை.

அன்றைக்கே மேப்பரைத் திறந்து சின்டில்லா கமாண்ட்ஸ் பிரிவில் எஸ்சிஐ லைன்கட் என்ற வரியைத் தேடிப் பிடித்து க்ளியர் செய்தேன். கன்ட்ரோல் ஷிஃப்ட் எல் அழுத்தினால் வரியை அழிக்கும் எஸ்சிஐ லைன்டிலீட்டையும் சேர்த்து எடுத்தேன். வரியை நீக்க வேண்டுமென்றால் தேர்வு செய்து டிலீட் அழுத்தலாம், அதற்கு ஆகும் இரண்டு நொடி எங்களுக்குச் சம்மதம். நீங்கள் வேர்டிலிருந்து வருகிறவர் என்றால் முதல் வேலையாக இதைச் செய்யுங்கள். அச்செடுக்கும் முன் வரிகளின் எண்ணிக்கையை, வந்த தாளில் இருக்கும் எண்ணிக்கையோடு ஒப்பிடுங்கள். திரையின் கீழ்ப் பட்டையில் மொத்த வரி எத்தனை என்று காட்டும்.

பிரதி எடுத்து வைப்பது

நீங்கள் மாற்றிய விசைகளும் மேக்ரோக்களும் ஷார்ட்கட்ஸ் எக்ஸ்எம்எல் என்ற ஒரே கோப்பில் இருக்கும். அதை எடுக்க, முதலில் நோட்பேட் பிளஸ் பிளஸை மூடுங்கள். வின்டோஸ் விசையோடு ஆர் அழுத்தி, வருகிற கட்டத்தில் ஆப்டேட்டா என்பதை ஆங்கிலத்தில், முன்னும் பின்னும் சதவீதக் குறி போட்டு அடியுங்கள். திறக்கிற ஃபோல்டரில் நோட்பேட் பிளஸ் பிளஸ் என்ற பெயரில் ஒரு ஃபோல்டர் இருக்கும், கோப்பு அதற்குள். பென்டிரைவில் ஒரு பிரதி, உங்களுக்கே மெயிலில் ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள். கணினி மாறினால் இந்தக் கோப்பை அதே இடத்தில் போட்டால் போதும். விசைகள் எல்லாம் குழம்பிப்போய் பழையபடி வேண்டும் என்றால், அந்தக் கோப்பின் பெயரை மாற்றிவிட்டு நோட்பேட் பிளஸ் பிளஸைத் திறங்கள், தொடக்க நிலை விசைகளோடு திறக்கும்.

ஒரே கணினியில் இரண்டு பேர் வேலை செய்தால், ஒருவர் மாற்றிய விசை மற்றவர் கையைக் குழப்பும். வின்டோஸில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஃபோல்டர் கணக்குக்குக் கணக்கு வேறு என்பதால் விசைகளும் தனித்தனியாக இருக்கும். அக்கா கணக்கில் எஃப் 6 இல்லை, அவர் கேட்கவும் இல்லை. தம்பியின் கணக்கில் இப்போதைக்கு இரண்டே மாற்றங்கள்: தேதிக்கு எஃப் 5, லைன்கட் நீக்கம். அவன் கோடு போட்ட தாள் இன்னும் திரைக்குப் பக்கத்தில் ஒட்டியிருக்கிறது. எஃப் 9 அடுத்த வாரம்.